இணைந்துள்ள சாதனம்: ஒன்று

மாரிசெல்வி தன் போனில் ஹாட்ஸ்பாட்டைத் தொட்டே பத்தொன்பது நாள் ஆகிறது. ஆனாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, இரவு ஷிப்ட் முடித்து வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு கட்டிலில் சாய்ந்து போனை எடுத்தபோது, திரையின் உச்சியில் ஓர் அறிவிப்பு காத்திருந்தது. ஹாட்ஸ்பாட் இயங்குகிறது. மொபைல் டேட்டா அணைக்கப்பட்டுள்ளது. இணைந்துள்ள சாதனம் இணையத்தைப் பயன்படுத்த டேட்டாவை இயக்கவும். அதன் கீழே இரண்டு பொத்தான்கள்: இயக்கு, பிறகு.

அவள் 'பிறகு' என்பதை அழுத்தினாள். எட்டு மணி நேரம் நின்றபடியே சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துவிட்டு வருகிற எவளும் அதைத்தான் அழுத்துவாள். இந்தப் போன்களுக்கும் வேறு வேலை இல்லை. அதை இயக்கவா, இதை அணைக்கவா என்று நாள் முழுக்க மனுஷியை நச்சரித்துக்கொண்டே இருக்கும்.

மண்ணூரில், மெயின் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி நிற்கிற நாலு மாடிக் கட்டடம் அது. தெற்கத்திப் பெண்பிள்ளைகள் தங்குவதற்காகக் கம்பெனி மொத்தமாக வாடகைக்கு எடுத்திருந்தது. மேல் மாடியின் கோடி அறையில் மாரிசெல்வியோடு சேர்த்து நாலு பேர் இருந்தார்கள். இப்போது அவள் மட்டும்தான். மற்ற இரண்டு பேர் சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் விடுதிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாலாவது ஆள் உலகம்மாள். அவள் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

அந்த மாடியில் மற்ற அறைகளில் இருந்தவர்கள் எல்லாம் பகல் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். பகல் தூக்கத்துக்காக ஜன்னலில் கட்டியிருந்த கறுப்புத் துப்பட்டாவின் ஓரங்களில் மட்டும் வெயில் கோடாகக் கசிந்தது. கண்டெய்னர் லாரிகள் பள்ளத்தில் ஏறி இறங்குகிற சத்தமும், மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தமும், கீழே எங்கோ குக்கர் விசில் ஊதுகிற சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அடங்கின. ஊரே விழித்திருக்கும்போது ஒருத்தி மட்டும் தூங்க முயல்வது இருக்கிறதே, அதைப்போலத் தனிமை வேறு இல்லை. மாரிசெல்வி போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள்.

போன் மறுபடி அதிர்ந்தது. அதே அறிவிப்புதான், கூடவே இன்னொரு வரி. இணைந்துள்ள சாதனம்: ஒன்று.

எழுந்து உட்கார்ந்து அமைப்புகளுக்குள் போய் ஹாட்ஸ்பாட்டை அணைத்தாள். அணைந்தது. திரையைப் பூட்டினாள். பூட்டிய திரையின் மேலேயே அந்த அறிவிப்பு திரும்ப வந்து நின்றது. இந்தத் தடவை அவள் அந்தச் சாதனத்தின் பெயரைத் தொட்டுப் பார்த்தாள்.

'உலகு.'

உலகம்மாள் தன் போனுக்கு வைத்திருந்த பெயர் அது.

அந்த அறையில் ஒரு பழக்கம் இருந்தது. நாலாவது மாடிக்கு ஒரே ஒரு கம்பெனியின் டவர்தான் எட்டும். அதுவும் ஜன்னல் கம்பியிடம் மட்டும். அந்த சிம் மாரிசெல்வியிடம்தான் இருந்தது. அதனால் அவள் தூங்கும்போது, போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, டேட்டாவையும் ஹாட்ஸ்பாட்டையும் இயக்கியே வைத்திருப்பாள். மற்றவர்களின் போன்களெல்லாம் அதை நம்பித்தான் உயிர் வாழ்ந்தன. அதை ஜன்னல் போன் என்பார்கள். தூங்குகிறவள் அதை அணைக்கக்கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் யாரும் மீறியதும் இல்லை.

ஒரு நாள் தவிர.

அன்றைக்கு உலகம்மாளின் அம்மாவுக்குப் பாளையங்கோட்டையில் நெஞ்சு ஆபரேஷன். உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் தம்பி வீடியோவில் அம்மாவைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தான். லீவு போட்டுவிட்டு, இரண்டடுக்குக் கட்டிலில் மாரிசெல்விக்கு நேர் மேலே இருந்த படுக்கையில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள் உலகம்மாள். மாரிசெல்விக்கு அது தொடர்ந்து ஐந்தாவது இரவு ஷிப்ட். கண்ணை மூடினால் கம்பியில் தொங்கிய போன் கவரோடு சேர்ந்து சரசரத்தது. இன்றைய டேட்டாவில் பாதி தீர்ந்தது. சரசர. ஒரு சாதனம் அதிக டேட்டாவைப் பயன்படுத்துகிறது. சரசர. அரைக்கண் திறந்து கையை நீட்டி, டேட்டாவை அணைத்துவிட்டுப் புரண்டு படுத்தாள்.

"யக்கா," என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "யக்கா, முழிச்சிருக்கியளா?"

மாரிசெல்வி விழித்துத்தான் இருந்தாள். பதில் சொல்லவில்லை. எழுந்து மறுபடி இயக்க வேண்டுமே என்கிற சலிப்பு, வேறொன்றும் இல்லை. அவள் மதியம் எழுந்தபோது மேல் படுக்கை காலியாக இருந்தது. விடுதி வாசல் கேமராவில், ஒன்பது பத்துக்கு உலகம்மாள், வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்த தன் நீலச் செருப்பைப் போட்டுக்கொண்டு, போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே போவது பதிவாகியிருந்தது. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போகிற சாலையில் அவள் திரும்பியிருக்கிறாள். அதற்கப்புறம் எந்தக் கேமராவிலும் அவள் இல்லை.

கூப்பிட்டது காதில் விழுந்ததை மாரிசெல்வி போலீசிடம் சொல்லவில்லை. வார்டனிடமும் சொல்லவில்லை. அறையை மாற்றித் தருகிறோம் என்றபோது வேண்டாம் என்று மறுத்ததற்கும் அவளால் யாரிடமும் காரணம் சொல்ல முடியவில்லை.

இப்போது போனைத் தூக்கிக்கொண்டு படிகளில் தடதடவென்று இறங்கினாள். ஹாட்ஸ்பாட் எல்லாம் முப்பதடி, நாற்பதடிதான் எட்டும். யாரோ அந்தப் போனைக் கண்டெடுத்து வைத்திருக்கலாம். பக்கத்து அறையில் ஒளித்து வைத்திருக்கலாம். எப்படியானாலும் கீழே போனால் தொடர்பு அறுந்துவிடும், அந்தப் போன் மேலேதான் இருக்கிறது என்று போலீசுக்கும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

வாசல் மேசையில் வார்டன் சுந்தராம்பாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மண்ணூரிலேயே பிறந்து வளர்ந்தவள், பொழுதுக்கும் பேசத் துணை தேடுகிறவள்.

"இன்னாமா, நைட் ட்யூட்டி முடிச்சிட்டு வந்து தூங்காம சுத்திகினு கீற?"

"ஆன்ட்டி, மேல யாரும் இருக்காங்களா?"

"யாரு கீறாங்க? எல்லாம் ஷிப்டுக்குப் பூட்சுங்க. நீ ஒருத்திதான்." சுந்தராம்பாள் கீரையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துக்கெடக்குது? நான் சொன்னா நீ கேக்கமாட்ட. கீழ ரூமு காலியாத்தான் கீது, வந்துடு. அந்தப் பொண்ணு நெனப்புல தனியா கெடந்தா புத்தி கலங்கிரும்."

மாரிசெல்வி திரையைப் பார்த்தாள். இணைந்துள்ள சாதனம்: ஒன்று.

நாலு மாடிக்குக் கீழே.

வெளியே வந்து, சாலையைக் கடந்து, டீக்கடைப் பந்தலில் போய் நின்றாள். நல்ல வெயில். ஹெல்மெட்டோடு நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். உலகு. ஒன்று. பந்தலைத் தாண்டி, பஞ்சர் கடையைத் தாண்டி, கம்பெனிப் பேருந்து நிற்கிற இடம்வரை நடந்தாள். சுற்றிலும் வெறும் பொட்டல். நாற்பதடிக்குள் ஒரு நாய்கூட இல்லை.

ஒன்று.

அப்படியானால் அது அறையில் இல்லை. அவளோடு வருகிறது.

அந்த நேரம் பார்த்து போன் மணி அடித்தது. உலகம்மாளின் அம்மா முப்பிடாதி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து தேறிவிட்டாள். தினமும் பத்து மணிக்கு மாரிசெல்வியைக் கூப்பிடுவாள்.

"ஏ தாயி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

"ஏதும் தகவல் உண்டுமா?"

"இல்லம்மா."

முப்பிடாதி குரலைத் தாழ்த்தினாள். "நான் ஒன்னு கேக்கேன், கோவிச்சுக்கிடாத. அன்னைக்கு நீ ரூம்லதான இருந்த? வெளிய கெளம்பும்போது அவ ஒன்னய ஒரு வார்த்த கூப்ட்ருப்பால்லா? அவ சொல்லாமப் போறவ இல்லியே."

சொல்லிவிடலாம். இந்த வெயிலில், இந்த ரோட்டில் நின்று, நான்தான் அணைத்தேன், அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது என்று சொல்லிவிட்டால் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கும். மாரிசெல்வி வாயைத் திறந்தாள்.

"நல்ல தூக்கம்மா. எதுவும் கேக்கல."

காதோரம் போன் அதிர்ந்தது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். டேட்டாவை இயக்கவும். இயக்கு. பிறகு. மறுமுனையில் முப்பிடாதி, "சரி தாயி, நீ போயி ஒறங்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அறைக்குத் திரும்ப அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வேறு எங்கே போவாள்? இந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த கதவு அது ஒன்றுதான். வார்டனோடு உட்காரலாம் என்றால், உட்கார்ந்தால் பேச வேண்டும். பேசினால் உண்மை வெளியே வந்துவிடும். படியேறிப் போய், உள்ளே நுழைந்து, தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள். போனை முழுதாக அணைத்துத் தலையணைக்கு அடியில் திணித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

லாரிச் சத்தம் நின்றிருந்தது. தொட்டியில் தண்ணீர் விழுவதும் நின்றிருந்தது. எதற்காகவோ ஊர் மொத்தமும் வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. அப்போதுதான் அந்த வாடை. பாசியும் சேறும் கலந்த வாடை, வெகுநாள் மூடிக் கிடந்த தண்ணீரின் வாடை. முதலில் லேசாக. பிறகு நாக்கிலேயே தெரிகிற அளவுக்கு.

தலையணைக்கு அடியில் போன் அதிர்ந்தது.

அணைத்த போன்.

அவள் எடுக்கவில்லை. நிமிடத்துக்கு ஒரு தரம் அது அதிர்ந்தது. பிறகு அரை நிமிடத்துக்கு ஒரு தரம். பிறகு விடாமல்.

எடுத்தாள். அதே இரண்டு பொத்தான்கள். அன்றைக்கு அவள் அணைத்த டேட்டாவை இயக்கச் சொல்லித்தான் இத்தனை நேரமும் அது கேட்டுக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு உலகம்மாள் கேட்டதும் இதைத்தானே. மாரிசெல்விக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகை மட்டும் இல்லை. பத்தொன்பது நாளாக அந்த அறையில் யாரும் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை. வந்திருப்பது எதுவாக இருந்தாலும், அது உலகம்மாளாக இருந்தால் போதும் என்று தோன்றிவிட்டது.

'இயக்கு' என்பதை அழுத்தினாள்.

டேட்டாவின் குறி எரிந்தது. ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு வாட்ஸப்பில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. எல்லாவற்றிலும் உலகம்மாள் காணாமல் போன நாளின் தேதி.

9.04. யக்கா டேட்டா ஆஃப் ஆயிட்டு. முழிச்சிருந்தா போடுங்க.

9.06. அம்மாவ உள்ள கொண்டுபோவப் போறாங்க.

9.09. சரி ஒறங்குங்க. நான் வெளிய போயி பாக்கேன்.

9.31. ரோட்டுல எங்கயும் என் சிம் எடுக்கல.

10.02. ஏரிக்கரை மேல ஏறுனா ஒரு புள்ளி காட்டுது.

10.05. கீழ எறங்க எறங்க கூடுதுக்கா.

10.06. இன்னுங் கொஞ்சந்தான்.

அதோடு நின்றது. 'இன்னுங் கொஞ்சந்தான்' என்கிற வரியின் கீழே, இன்றைய தேதி தானாக எழுந்து நின்றது. அதன் கீழே மூன்று புள்ளிகள் துடித்தன. யாரோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். நிறுத்தினார்கள். மறுபடி தட்டினார்கள்.

11.42. இப்ப நல்லா எடுக்கு.

போன் கையிலிருந்து நழுவியது. மணி பதினொன்று நாற்பத்திரண்டு. அவள் எழுந்தாள். கட்டிலைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேல் படுக்கையைப் பார்க்கவே இல்லை. கதவுக்கு ஆறே எட்டுதான். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். திறந்தது.

வராந்தாவில் வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. யாரும் இல்லை.

நிலைப்படிக்கு வெளியே ஒரு ஜோடி நீலச் செருப்பு. அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருந்தது. உள்ளே வருகிறவர்கள் கழற்றிப் போடுகிறாற்போல, இரண்டும் அறையைப் பார்த்துக் கிடந்தன. அவற்றில் சேறு இன்னும் காயவில்லை. வராந்தாவின் தரையில் மட்டும் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

மாரிசெல்வி மெல்லக் குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். நிலைப்படிக்கு இந்தப் பக்கம், அவளுடைய இரண்டு பாதங்களையும் உரசினாற்போல ஈரத் தடங்கள் தொடங்கியிருந்தன. சின்னப் பாதங்கள், நிதானமான எட்டுகள். அவை அவளைக் கடந்து உள்ளே போய், கட்டிலின் இரும்பு ஏணிக்குக் கீழே முடிந்திருந்தன. ஏணியின் முதல் படியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு இரண்டாவது படியிலிருந்தும் சொட்டத் தொடங்கியது.