அப்புத்தளைக் குளிரில் உறைந்த எண்ணெய்

"எண்ணெ வச்சதுதான் வச்சீங்க... பின்னல் போட்டு பூவும் வச்சிருக்கலாமே. மாப்பிள்ள பாக்கத்தான கூட்டிட்டு வந்தீங்க?"

கறுப்பு நாயை அணைத்தபடி நேசராணி திரும்பினாள். வெள்ளை டெரியர் நாய் ஒன்றைப் பிடித்தபடி ஒருவன் நின்றான். அந்தக் கண்கள் இருக்கின்றனவே... வாய்க்கு முன்னால் அவைதான் சிரித்தன. அவளுக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், துரையின் மனைவியான துரைசானியின் கறுப்பு ஸ்பானியல் நாயைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இன்று அப்புத்தளை கிளப்பில் நாய் அலங்காரப் போட்டி. மாதக்கணக்கில் சீவி, காதோரம் கத்தரித்து, நகம் வெட்டித் தயார் செய்தவள், கிளம்பும்போது கொஞ்சம் தேங்காய் எண்ணெயையும் தடவிவிட்டாள். தன் கூந்தல் மின்னுவதுபோல் நாயும் மின்னட்டுமே என்ற ஆசைதான். லுணுகலை வெயிலில் மின்னவும் செய்தது. கார் மலையேறிப் பனிமூட்டத்துக்குள் நுழைந்ததும் எண்ணெய் உறைந்து, கறுப்பு முடியெல்லாம் வெள்ளைத் திட்டுகள்...

"இப்ப சிரிச்சிட்டீங்க. தொரசானி பாத்ததும் அழுவேன், அப்பவும் வந்து சிரிங்க."

அவன் முகம் மாறியது. "வாங்க," என்றான்.

கிளப் குசினி அடுப்போரம் எண்ணெய் இளகியது. கடலை மாவைத் தூவி, இருவரும் துணியால் துடைத்தார்கள். பக்கத்துத் தோட்டமாம், பெயர் யாகோப்பு. நாயின் முதுகில் விரல்கள் இரண்டு தடவை இடித்துக்கொண்டன... இரண்டு பேருமே கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அடுத்த வருசம் எண்ணெ வைக்காதீங்க. தொடச்சிவிட நான் இருக்க மாட்டேன்."

"ஏன், எங்க போறீங்க?"

"பாஸ்போட் வந்துருச்சு. வர்ற புதன்கிழம கப்பலு... குடும்பத்தோட இந்தியாவுக்கு அனுப்புறாங்க."

அடுப்பருகே இருந்தும் அவளுக்குக் குளிர்ந்தது. இப்போதுதானே பார்த்தேன், அதற்குள்ளா... அதை அவனிடம் காட்டிக்கொள்ள ரோஷம் விடவில்லை.

"நாங்க போகல. இந்த நாட்டுப் பிரஜையா இங்கயே பதிஞ்சிட்டோம். அம்மாவுக்குக் கண்ணு தெரியாது, நான் ஒருத்திதான்," என்றவள், "நீங்க போறதையெல்லாம் ஏன் எங்கிட்ட சொல்றீங்க?" என்று வெடுக்கென்று கேட்டாள்.

மாவை உதறிவிட்டு, இன்னும் சீவாத டெரியரோடு வெளியே போனான்.

ஸ்பானியலுக்கே முதல் பரிசு. துரைசானி கோப்பையைத் தூக்கிக் காட்டினாள், எல்லோரும் கை தட்டினார்கள். நேசராணியின் கண்கள் கூட்டத்தில் அவனையே தேடின. இத்தனை மாதம் ஆசைப்பட்ட கோப்பை அது. இப்போது அதை அவளுக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. காரில் ஏறப்போனவள், வாசல் கொட்டகையில் அவனைக் கண்டதும் நனைந்தபடியே ஓடினாள்.

"நான் கோவத்துல கேட்டுட்டேன்... உங்களப் புடிச்சிருக்கு. சொல்லாம விட்டா செத்துருவேன் போல இருக்கு."

அந்தக் கண்களில் இப்போது சிரிப்பில்லை.

"எனக்கும்தான்."

"அப்ப ஏன் கூட வர்றியான்னு ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா வந்துருவீங்களா?"

மழை கொட்டியது. அவள் அம்மாவை நினைத்தாள். நினைத்தும்...

"வந்துருவேன்."

"அதான் கேக்கல," என்றான்.

காரிலிருந்து துரைசானி கூப்பிட்டாள்.