கரும்பலகையில் வெளுத்த இடம்

அஸ்தம்பட்டி கம்பவுண்டர் குழந்தைவேலுக்கு மருந்து கலக்குவதைவிடத் துப்புத் துலக்குவதில்தான் ருசி அதிகம். அதனால் ஓய்வு நேரமெல்லாம் பழைய போலீஸ் இன்ஸ்பெக்டர் நாச்சிமுத்துவின் வீட்டிலேயே கிடப்பார். அந்தச் சனிக்கிழமை மதியமும் அங்கேதான் இருந்தார். இங்கிலீஷ் வாத்தியார் பாலசுந்தரம் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

"என் வேலை போயிருமாட்ட இருக்குதுங்க. சாயங்காலம் பள்ளிக்கூடக் கமிட்டி கூடுதுங்க."

காலையில் பள்ளியைச் சோதிக்க வந்த வெள்ளைக்கார துரை, இவர் வகுப்புக் கரும்பலகையைப் பார்த்து முகம் சுளித்துவிட்டாராம். பாடம், எழுவாய்க்கு ஏற்ற வினை. இங்கிலீஷில் ஒரு கூட்டம் ஒரே மனதாக இருந்தால் ஒருமை வினை. ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் பன்மை வினை. கமிட்டிக்குள் பிளவு என்று சொல்லும் வாக்கியத்தில் முதல்நாள் மாலை பாலசுந்தரம் எழுதியது 'ஆர்' என்ற பன்மை. காலையில் இருந்ததோ 'இஸ்' என்ற ஒருமை. தன் பாடமே தெரியாத வாத்தியார் என்று துரை சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"ரூமு சாவி யாருகிட்ட?" என்றார் நாச்சிமுத்து.

"பியூன் பச்சமுத்துகிட்டங்க. நேத்துத்தான் பலகைக்குக் கோவை இலையும் கரியும் அரைச்சுப் பூசுனான். காஞ்சப்புறம் எழுதுனனுங்க. காலையில நேரத்துலயே தொறந்து போட்டுட்டானுங்க."

"அப்ப அவனேதானுங்க" என்று குழந்தைவேல் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

நாச்சிமுத்து எழுந்து செருப்பை மாட்டினார்.

வகுப்பில் பலகை மையாகக் கறுத்திருந்தது. 'இஸ்' இருந்த இடம் மட்டும் மரம் தெரிய வெளுத்திருந்தது. மூலையில் தொங்கிய பலகை துடைக்கும் துணியை உதறினார் நாச்சிமுத்து. சுண்ணாம்புத் தூள்தான் பறந்தது. துணியில் வேறு கறை இல்லை. குழந்தைவேல் அதைக் கவனிக்காமல் ஜன்னல் கம்பிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் கமிட்டியார் மூவரும் அந்த வகுப்புக்கே வந்து உட்கார்ந்தார்கள். பின்னால் இரண்டாவது இங்கிலீஷ் வாத்தியார் குமாரசாமி, மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பாலசுந்தரம் போனால் அந்த இடம் அவருக்குத்தான்.

"நான் இன்னைக்கு இந்த வகுப்புப் பக்கமே எட்டிப் பாக்கலீங்க" என்றார் கேட்காமலே.

நாச்சிமுத்து பலகையைக் காட்டினார். "சும்மா அழிச்சா பழைய எழுத்து மங்கலாத் தெரியும். அதனால ஈரத்துணியில அழுத்தித் தொடச்சிருக்காங்க. புதுப் பூச்சு ஈரம் தாங்காது, எழுத்தோட சேந்து வந்துருச்சு. பூசுன பச்சமுத்து அந்தத் தப்பைப் பண்ணமாட்டான். இங்க இருக்கற துணியிலயும் கறை இல்லை. கோவை இலைக் கறை லேசுல போவாது. துரை வந்த நாளு, ஊட்டுக்குப் போய்த் துணி மாத்திக்க இன்னைக்கு யாருக்கும் நேரமும் இல்லை." பிறகு திரும்பினார். "சாமி, அந்தத் துண்டைக் கொஞ்சம் விரிங்க."

குமாரசாமியின் கை துண்டை இறுக்கிப் பிடித்தது. குழந்தைவேல் எட்டி உருவினார். உள்மடிப்பில் கரியும் பச்சையுமாக அப்பியிருந்தது. பச்சமுத்துவை அவசரப்பட்டுச் சொன்னோமே என்று குழந்தைவேலுக்கு வெட்கமாகிவிட்டது.

பாலசுந்தரத்தின் வேலை தப்பியது. குமாரசாமியை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல்.

"இன்னைக்கே அனுப்பிரலாங்க" என்றார் ஒருவர்.

"புள்ளகுட்டிக்காரனுங்க, பொழைச்சுப் போகட்டும்" என்றார் அடுத்தவர்.

"மொதல்ல துரைக்குச் சொல்லோணும்" என்றார் மூன்றாமவர்.

குரல்கள் ஏறிக்கொண்டே போயின. பாலசுந்தரம் எழுந்து போய் 'இஸ்' என்பதை அழித்து, அந்த வெளுத்த இடத்தில் 'ஆர்' என்று எழுதினார். சரிதானா என்று ஒருமுறை கமிட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அவர்கள் இன்னும் சண்டையை நிறுத்தவில்லை.