நத்தையின் பச்சை விளக்கு

மழை பெய்யும் மதியங்களில் மின்னலின் வீட்டுக் கணினிக்கும் தூக்கம் வந்துவிடும். பொத்தானை அமுக்கினால், அது ஒரு கொட்டாவி விட்டு, சோம்பல் முறித்து, அப்புறம்தான் கண் விழிக்கும். அதற்குப் பிறகு வேதாகம மென்பொருள் மெல்லத் திறக்கும்.

அதில் மின்னலுக்கு ரொம்பப் பிடித்தது விளக்குகள். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அவரவர் வீட்டில் இருந்தபடியே அதில் படிப்பார்கள். யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அவர்களுடைய நிறத்தில் ஒரு குட்டி விளக்கு எரியும். மின்னலுடையது மஞ்சள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால், குளத்தில் விளக்குகள் மிதந்து போவது போல இருக்கும்.

மின்னல் என்பது வகுப்பு வைத்த பட்டப்பெயர். தேடும் பெட்டியில் ஒரு சொல்லைப் போட்டு, அந்தச் சொல் வரும் வரிகளை மற்றவர்கள் மூச்சு விடுவதற்குள் எடுத்துக் கொட்டிவிடுவாள்.

"வசனம் தேடுறதுல கெட்டிக்காரிதான். காலுறையத் தேடத்தான் ஆள் வேணும்" என்பார், பக்கத்தில் துணி தேய்க்கும் அப்பா.

போன வாரம் வகுப்பு நடத்தும் அக்கா, எல்லோரும் பேசும் பக்கத்தில் ஒரு கேள்வி போட்டிருந்தார். 'உங்களுக்குப் பிடிச்ச ஒருத்தங்க ஒரு பொருளை உடைச்சிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னு அழறாங்க. நீங்க என்ன செய்வீங்க?'

நத்தை பதில் எழுத ஆரம்பித்தான். அவன் வேறு ஊர். மின்னல் அவனை நேரில் பார்த்ததே இல்லை. ஒரே விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவதால் அவனுக்கு அந்தப் பெயர்.

'நான் உடனே சொல்ல மாட்டேன். முதல்ல' என்று வந்தது. பிறகு அவன் எழுதிக்கொண்டிருப்பதைக் காட்டும் மூன்று புள்ளிகள் ஆடிக்கொண்டே இருந்தன.

முதலில் என்ன என்று காத்திருக்க மின்னலுக்குப் பொறுமை இல்லை. 'பொய்' என்று தேடினாள். 'வாய்' என்று தேடினாள். உன் வாயே உன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்ற பொருளில் ஒரு வரி அகப்பட்டது. அதை அப்படியே அவன் பதிலுக்குக் கீழே ஒட்டினாள்.

கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. 'நத்தைக்கு மூக்கு உடைஞ்சுது' என்று ஒருவன் சிரித்தான். புள்ளிகள் ஆடுவது நின்றுபோனது.

இன்று திரை விழித்ததும் அக்காவின் செய்தி காத்திருந்தது. 'நத்தைக்கு இனி வகுப்பு வேண்டாமாம். பேரை எடுத்துடச் சொல்லிட்டான். இன்னிக்குச் சாயங்காலம் எடுத்துடுவேன். யாருக்காவது காரணம் தெரியுமா?'

தன்னால்தான் என்று மின்னலுக்குத் தெரிந்துவிட்டது.

அவனுடைய பச்சை விளக்கைத் தேடினாள். அது ஒரே ஒரு பக்கத்தில் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக்குப் போனாள்.

எல்லாவற்றையும் இழந்துவிட்ட ஒரு மனிதர் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று நண்பர்கள் தூரத்திலிருந்து வருகிறார்கள். அவரைப் பார்த்து அழுகிறார்கள். பிறகு அவரோடு தரையில் உட்கார்ந்து, நாள்கணக்கில் ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கிறார்கள்.

வெளியே மழை ஒரே தாளத்தில் பெய்தது. அந்த நண்பர்களுக்குப் பக்கத்தில் தானும் போய் உட்கார்ந்துவிட்டது போல மின்னலுக்குத் தோன்றியது. சாம்பல் காலில் ஒட்டுகிறதா என்று குனிந்துகூடப் பார்த்துக்கொண்டாள்.

மேலே படித்தாள். நண்பர்கள் வாயைத் திறந்தார்கள், கதை கெட்டது. நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய் என்று ஆளாளுக்கு அவரைக் குற்றம் சொன்னார்கள். நடுவில் ஒரு வரியைப் பார்த்ததும் மின்னல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் ஒட்டிய அதே வரி. அந்த நண்பர்களில் ஒருவர் அதைச் சொல்லியிருந்தார்.

அவசரமாகக் கடைசிப் பக்கத்துக்கு ஓடினாள். நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று கடவுள் அந்த நண்பர்களைக் கோபித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கடவுள்கிட்ட திட்டு வாங்கினவங்க பேச்சும் வேதாகமத்துல இருக்குமா?"

"கதைன்னா எல்லார் பேச்சும்தான் இருக்கும். ஏன்?"

"அப்படி ஒருத்தர் பேச்ச எடுத்து நான் ஒருத்தன அடிச்சிட்டேன்ப்பா. யார் சொன்னதுன்னு பாக்கவே இல்ல."

"முந்திரிக்கொட்டை" என்றார் அப்பா. சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார்.

மின்னல் எல்லோரும் பேசும் பக்கத்தில் எழுதினாள். 'போன வாரம் நான் ஒட்டினது கடவுளுக்குப் பிடிக்காத பேச்சு. முன்னாடி பின்னாடி படிக்காம ஒட்டிட்டேன். நத்தை எழுதி முடிக்கவும் விடல. தப்பு என்மேல.'

பிறகு அவனுடைய பக்கத்துக்குத் திரும்பினாள். பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சள் எரிந்தது. ஒரே பக்கத்தில் இருப்பவர்கள் அதன் ஓரத்தில் எழுதிப் பேசிக்கொள்ளலாம். எழுத விரல் துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா இரண்டு சட்டைகளை மடித்து முடித்திருப்பார். மூன்று புள்ளிகள் ஆடின. ரொம்ப நேரம் ஆடின.

'முதல்ல அவ பக்கத்துல உக்காருவேன்னு எழுத வந்தேன்.'

'யாரு?'

'என் தங்கச்சி. அம்மாவோட மூக்குக்கண்ணாடிய நிஜமாவே உடைச்சிட்டா. அலமாரிக்குப் பின்னாடி கிடக்கு. அம்மா இன்னும் தேடறாங்க. உன் வரியப் பாத்ததும் நானும் கெட்டவன்னு நெனச்சேன்.'

மின்னலுக்குக் கண் கலங்கிவிட்டது.

'நீ கெட்டவன் இல்ல. தங்கச்சி எங்க?'

'இங்கதான். தனியாப் போய்ச் சொல்லப் பயப்படறா.'

'நீயும் கூடப் போவியா?'

புள்ளிகள் ஆடின, நின்றன, மறுபடி ஆடின.

'போறோம். நீ இங்கயே இரு.'

மின்னல் இருந்தாள். மழை விட்டு, கூரையில் தங்கிய தண்ணீர் மட்டும் சொட்டியது. தேய்த்த துணியின் சூட்டு வாசம் அறை முழுவதும் இருந்தது.

கடைசியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

'அம்மா திட்டினாங்க. ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம். ஆளுக்குக் கொஞ்சமாத்தான் வந்துச்சு.'

மின்னல் சிரித்தாள். அடுத்த வரியும் வந்தது.

'அக்காகிட்ட என் பேரை எடுக்க வேணாம்னு நீயே சொல்லிடு. நான் எழுதி முடிக்கிறதுக்குள்ள எடுத்துடுவாங்க.'

அதை மின்னல் ஒரே நொடியில் சொல்லிவிட்டாள்.