அளவு சேராத பைப்பு

பிளம்பர் உசேன் சுத்தியலை ஓங்கித் தரையில் அடித்தான். சத்தம் அங்கே கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னால், சாக்கடைத் தொட்டியின் இரும்பு மூடிக்கு அடியிலிருந்து கேட்டது.

கக்கூஸ் வாசலில் நின்றிருந்த அருள்நாதன் காதைக் குடைந்துகொண்டார். ஹார்பரில் கிரேன் இரைச்சலுக்கு நடுவே காலத்தைத் தள்ளிய காது அது. நல்ல சத்தத்தையே தப்பாகக் கேட்கும். அப்படித்தான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

பழைய பீங்கானைப் பெயர்த்தெடுத்த இடத்தில் மண் பைப்பின் வாய் கறுப்பாகத் திறந்திருந்தது. பக்கத்தில் புது வெஸ்டர்ன் டாய்லெட், அட்டைப் பெட்டியை விட்டு இறங்கி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று காத்திருந்தது. அதை எப்படியாவது இன்றைக்கே உட்கார வைத்தாக வேண்டும். இதே கக்கூஸில் விழுந்துதான் ஜூடி இடுப்பை உடைத்துக்கொண்டாள். இனி குத்தவைத்து உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாயங்காலம் மகன் சாவியோ அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வருகிறான்.

விழுந்த அன்றைக்கு அவள் ஒன்று சொன்னாள். "வழுக்கலைங்க. ஏதோ காலப் புடிச்சிச்சு." அவர் சிரித்துவிட்டார்.

"நைனா, இந்தப் பைப்பு இன்னா சைஸுனே பிரியல," என்றான் உசேன். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, பைப்பின் வாயைச் சாண் போட்டு அளந்தான். "காலைல நாலு இஞ்ச் வெச்சேன், தொளதொளன்னு ஆடிச்சு. அஞ்சு இஞ்ச் வாங்கியாந்தேன். இப்ப அந்த நாலு இஞ்சே உள்ள போவ மாட்டேங்குது."

"நீ அளந்தது தப்பா இருக்கும்பா."

"நான் இன்னா நேத்தா நைனா வேலைக்கு வந்தேன்?" சொல்லிவிட்டுக் கையை லுங்கியில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டான். "வண்ணாரப்பேட்டைல ரப்பர் கப்ளிங் கெடைக்கும். எந்த சைஸுக்கும் இழுத்துக்கும். வாங்கினு வந்துர்றேன். சாக்கடை கேஸு வராம பைப்பு வாய்ல சாக்கு அடைச்சிகீறேன். அது உள்ள போயிட்ச்சுன்னா மொத்த லைனும் அடைச்சிக்கும், அப்பால தெருவையே தோண்டணும். பாத்துக்க."

அவன் பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. வெளியே எண்ணூர் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகள் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு நகர்ந்தன. அருள்நாதன் துடைப்பத்தோடு கக்கூஸுக்குள் கால் வைத்ததும் அத்தனை இரைச்சலும் நின்றுபோனது. சுவர் அதிர்வது மட்டும் தெரிந்தது. சாக்கடை நாற்றத்துக்குத் தயாராக மூக்கைச் சுருக்கிக்கொண்டிருந்தார். அந்த நாற்றம் இல்லை. ரொம்ப நேரம் மூடி வைத்த, வியர்த்த உள்ளங்கையின் வாடைதான் அங்கே அடித்தது.

சாக்கின் நுனி அசைந்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். நுனி ஒரு விரல் அளவு உள்ளே இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது. குழந்தை பாயசத்தை உறிஞ்சுவது போல, அவசரமே இல்லாமல் இறங்கியது. தெருவைத் தோண்டணும் என்று உசேன் சொன்னதும், ஜூடி ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து நிற்கப்போவதும் ஒரே நேரத்தில் ஞாபகம் வர, துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து கையை உள்ளே விட்டார்.

பைப்பு தாராளமாகத்தான் இருந்தது. மணிக்கட்டு போனது. முழங்கை போனது. சாக்கு விரல் நுனியில் பட்டு நழுவியது. இன்னும் கொஞ்சம். அவர் குப்புறப் படுத்து, கன்னத்தை ஈரத் தரையில் வைத்து, தோள் வரை கையை இறக்கினார். அகப்பட்டுவிட்டது. பிடித்து இழுத்தார்.

கை வரவில்லை.

சாக்கை விட்டுவிட்டு இழுத்தார். அப்போதும் வரவில்லை. முழங்கையைத் திருப்பப் பார்த்தார், திருப்ப இடமில்லை. காலையிலிருந்து எந்தப் பைப்புக்கும் ஒத்துவராத அந்த வாய், அவர் கையை மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டையாய் இறுக்கிப் பிடித்திருந்தது.

"உசேன்!" என்று கத்தினார். அவர் குரல் கொல்லைப்புறத்தில், இரும்பு மூடிக்கு அடியில் கேட்டது.

கக்கூஸ் கதவு தானாக வந்து சாத்திக்கொண்டது. அடிப்பக்கம் உளுத்துப்போன கதவு அது. கீழே மூன்று விரல் இடைவெளி. அதன் வழியாக ஹாலின் தரை தெரிந்தது. போன், சாப்பாட்டு மேஜை மேல். இடது கையால் தரையை அறைந்தார். அந்த அறையும் கொல்லையில்தான் கேட்டது. மாதாவே, மாதாவே என்று உதடு துடித்தது.

அப்போது உள்ளே ஏதோ அவர் உள்ளங்கையைத் தொட்டது.

மெதுவாக. ஜில்லென்று. கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒரு சாண். மணிக்கட்டிலிருந்து மேலே இன்னொரு சாண். உசேன் அளந்தது போலவே. பிறகு விரல்கள், ஒவ்வொன்றாக. மோதிர விரலில் நின்றது. கல்யாணத்துக்குப் போட்ட மோதிரம். விரல் பருத்துப்போய், சோப்புப் போட்டாலும் கழலாத மோதிரம்.

கழன்றது.

அருள்நாதன் அலறினார். தொண்டை கிழிய அலறினார். கொல்லையில் யாரோ அலறினார்கள்.

கதவடியில் வெளிச்சம் மங்கத் தொடங்கியும் உசேன் திரும்பவில்லை. வெளியே கார் கதவு சாத்தும் சத்தம், இத்தனை நேரம் கேட்காத வெளிச்சத்தம், இப்போது மட்டும் தெளிவாகக் கேட்டது. நடைவண்டியின் டக், டக். வீட்டுக்குள் ஜூடியின் குரல்.

"நீ போய் மருந்து வாங்கினு வா சாவியோ. அப்பா கீறாரு, பாத்துக்குவாரு... இன்னாங்க? பின்னாடி யாரோ கத்தற மாரி கீதே?"

"ஜூடி! உள்ள வராத! ஜூடி!"

"குடிச்சிட்டு எவனோ... அட, இங்கதான் நிக்கிறீங்களா? லைட்டுகூட போடாம?"

அவர் கத்துவதை நிறுத்தினார்.

"கையக் குடுங்க. மெதுவா. ஐயோ, இன்னா கை இவ்ளோ ஈரமா கீது?" அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவள் இப்படிச் சிரித்ததில்லை. "மோதிரம் வேற தொளதொளன்னு ஆடுது. நான் இல்லாம ஒழுங்கா சாப்பிடவேயில்லையா?"

டக். டக். கதவை நோக்கி வந்தது.

இடைவெளியில் நடைவண்டியின் ரப்பர் கால்கள் தெரிந்தன. வீங்கிய அவள் பாதங்கள். அவற்றை ஒட்டி, வேறு இரண்டு பாதங்கள். அவற்றிலிருந்து வடிந்த தண்ணீர் கதவடியில் நுழைந்து அருள்நாதனின் கன்னத்தை நனைத்தது. அந்தப் பாதங்கள் ஒரு முறை பருத்தன. ஒரு முறை சிறுத்தன. பிறகு, சரியாக, அவருடைய அளவுக்கு வந்து நின்றன.