வலது பக்கத்துப் பின்

துடைக்கத் துடைக்க அந்த இரும்புப் பின் ஈரமானது. சுரேந்திரன் முதலில் மழைத் தண்ணீர் என்றுதான் நினைத்தான். ஷெட்டின் தகரக் கூரை மூன்று இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆனால் மழைத் தண்ணீர் நூலாக இழுபடாது. கந்தல் பனியனை எடுத்தபோது, இரும்பிலிருந்து துணிவரைக்கும் நரைத்த இழை ஒன்று நீண்டு, அறுந்து, அவன் மணிக்கட்டில் ஒட்டியது. வெதுவெதுப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்தான். கிரீஸ் வாடை இல்லை. பால் குடித்துவிட்டு அப்படியே தூங்கிப்போன பிள்ளையின் வாய் வாடை. அதற்கும் அடியில், சொத்தைப் பல்லின் வாடை.

ஷெட் வாசலில், பத்தடி தூரத்தில், டிரெய்லரில் அவன் மனைவி விஜயா படுத்திருந்தாள். மேலே தார்ப்பாய். பக்கத்தில் மருதாயி குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எஸ்டேட் லயத்து வீடுகளில் எத்தனையோ பிரசவம் பார்த்தவள், இன்று மத்தியானம் வயிற்றைத் தடவிவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இது என்னால் ஏலாது என்று சொல்லிவிட்டாள். பனிக்குடம் காலையிலேயே உடைந்துவிட்டது. இப்போது மணி நாலு.

தேவாலாவுக்கு மேலே அந்த எஸ்டேட்டில் பதினொரு நாளாக மழை. பாதை இரண்டு இடத்தில் சரிந்து, ஆம்புலன்ஸ் கீழே தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது. அந்தச் சேற்றில் ஜீப் ஏறாது. கம்பளியில் கட்டித் தூக்கிப் போகலாமென்றால் குறுக்குப் பாதையையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தது. மிச்சம் இருந்தது சின்ன டிராக்டர் ஒன்றுதான். அதன் பின்னால் மண் தோண்டும் இயந்திரம் மாட்டியிருந்தது. எஸ்டேட்டில் அதற்குப் பெயர் 'கை'. கை இருக்கும்வரை டிரெய்லர் மாட்ட இடமில்லை.

கையைத் தாங்குவது இடமும் வலமும் இரண்டு பின்கள். வலது பக்கத்துப் பின்தான் டிரெய்லருக்கும். டிரெய்லரின் சொந்தப் பின் நாலு வருடத்துக்கு முன் தொலைந்தது, வேறு வாங்கவில்லை. "ஒரு பின்னு, ரெண்டு பொண்டாட்டி" என்று ஃபிட்டர் மரியஅந்தோணி சொல்வார். அந்தப் பின்னுக்குத் தலைகூடக் கிடையாது. எப்போதோ உடைந்துபோனது.

செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் நம்பர் மலையில், தேயிலைக்கு நடுவே மூடிப்போன மழைத்தண்ணீர்க் கானைத் தோண்டியபோது கையை ஓட்டியவர் மூக்கன். பக்கெட்டில் மண்ணோடு வெளிறிய கட்டி ஒன்று வந்ததாம். எலும்பில்லை, தோலில்லை, தொட்டால் ஈறு மாதிரி வழுக்கியதாம். அதை ஓடையில் உதறிவிட்டு வந்தார். அன்றிலிருந்து மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருக்கிறார். சோற்றைக் கையால் தொட முடியவில்லை என்று லீவு போட்டுவிட்டார்.

மரியஅந்தோணி நிதானமாகத்தான் செய்தார். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பக்கவாட்டுக் கால்கள் இரண்டையும் இறக்கி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி, பாரம் பின்களை விட்டு எழும்பும்வரை லிவரை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். பிறகு கையின் சட்டத்துக்கு அடியில் சில்வர் ஓக் கட்டைகளைச் செருகச் சொன்னார். வெளியே விஜயா சேலை முந்தியைக் கடித்துக்கொண்டு முனகும் சத்தம் வந்தபோது, சுரேந்திரன் அவரை அவசரப்படுத்தினான்.

"இரும்புக்குப் புள்ளத்தாச்சி தெரியாது தம்பி" என்றார். "நீ நடுவுல நிக்காத. வண்டிக்கும் கைக்கும் நடுவுல ஆள் நின்னா நான் லிவரத் தொடவே மாட்டேன்."

எஞ்சினை நிறுத்தினார். தேங்கிய அழுத்தம் போக லிவர்களை முன்னும் பின்னும் ஆட்டினார். கை பெருமூச்சு விட்டது. எப்போதும் விடுவதுதான். ஆனால் அவர் லிவரை விட்டு இறங்கிய பிறகும் அது நிற்கவில்லை. மூக்கடைத்த குழந்தை பால் குடிப்பதுபோல ஓர் உறிஞ்சல், ஓர் இடைவெளி, மறுபடி உறிஞ்சல்.

"காத்து வாங்குது" என்றார் மரியஅந்தோணி. சுரேந்திரனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஹோஸைக் கழற்றியபோது எண்ணெய் சொட்டவில்லை. திரிந்த பால் போல வெள்ளைக் கட்டிகள் வழிந்து, தரையில் விழுந்த இடத்தில் லேசாக ஆவி விட்டன. புளித்த நெடி ஷெட்டை நிறைத்தது. சுரேந்திரன் திரும்பி நின்று துப்பினான். அந்த வாடை நாக்கில் படிந்துவிட்டது. மூடியைப் போட்டு ஹோஸை மேலே மாட்டிய மரியஅந்தோணியின் விரல்களுக்கு நடுவே இழை இழையாகத் தொங்கியது. அவர் அதைப் பேன்ட்டில் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

இடது பின் சுலபமாக வந்தது. வலது பின்னை உருவும் முன் துருவைத் தளர்த்த லேசாக ஒரு தட்டு தட்டுவது அங்கே எல்லோருக்கும் வழக்கம். சுரேந்திரன் சுத்தியலால் தட்டினான்.

பின் உள்ளே போனது.

தட்டிய வேகத்துக்கு அரை விரல்கூட நகர்ந்திருக்கக் கூடாது. ஆனால் ஓட்டைக்குள், உள்ளே குழலாக இருக்கும் சட்டத்துக்குள், மொத்தமாகப் போய்விட்டது. இரும்பில் இரும்பு விழுந்த சத்தம் கேட்கவில்லை. மெத்தென்று எதன்மேலோ விழுந்ததுபோல இருந்தது.

கை கழன்றுவிட்டது. மரியஅந்தோணி டிராக்டரை முன்னே எடுத்து, வளைத்து, டிரெய்லருக்குப் பின்வாங்கி நிறுத்தினார். பின் மட்டும் இருந்தால் போதும். கயிற்றால் கட்டினால் முதல் சரிவிலேயே அறுந்து டிரெய்லர் பள்ளத்துக்குப் போகும். அவர் பழைய இரும்புக் குவியலைக் கலைக்கப் போனார். இடது பின் பருமன், கொக்கியில் நுழையவில்லை. உள்ளே போன பின்னைக் கிளறி எடுக்க விட்ட கம்பி எதுவும் ஓட்டைக்குள் வளையவில்லை.

மருதாயி தார்ப்பாயை விலக்கிப் பார்த்தாள். பிள்ளையின் கை ஒன்று வெளியே வந்துவிட்டது என்று தணிந்த குரலில் சொன்னாள்.

சுரேந்திரன் பின்னை விழுங்கிய ஓட்டைக்குள் வலது ஆள்காட்டி விரலை விட்டான்.

துரு இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பு இருந்தது. உடம்புச் சூடு. விரலைச் சுற்றி அது தளர்ந்து இடம் கொடுத்தது, பிறகு பதமாகக் கவ்வியது. மேலும் கீழுமாக இரண்டு மேடு, கெட்டியாக, ஈரமாக, நடுவில் ஏதோ தடித்து அசைந்தது. அவன் கண்களை மூடிக்கொண்டான். ஈறு என்று மூக்கன் சொன்ன வார்த்தை மனதில் வந்தது. அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தான். இன்னொரு கணு உள்ளே விட்டான். பின்னின் நுனி தட்டுப்பட்டது.

அது நகர்ந்தது. அவன் இழுக்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ நாவால் தள்ளுவதுபோல, விரலை ஒட்டி, மெதுவாக, கோழை பூசிக்கொண்டு பின் வெளியே வந்தது. பாதி வந்ததும் இடது கையால் உருவிக்கொண்டான்.

வலது விரலை இழுத்தான்.

வரவில்லை.

இன்னொரு முறை இழுத்தான். உறிஞ்சல் கொஞ்சம் பலமானது. வலிக்கவில்லை. அதுதான் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. அது அவனிடம் பிரியமாக நடந்துகொண்டது.

"அண்ணே, பின்னு."

மரியஅந்தோணி ஓடி வந்து வாங்கிக்கொண்டார். அவன் சட்டத்தில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தார். அவன் விரல் எங்கே போயிருக்கிறது என்று மூடுபனியிலும் இருட்டிலும் தெரிந்ததோ தெரியவில்லையோ. "வாடா, பின்னாடி ஏறு" என்றார்.

மாட்டிக்கொண்டதைச் சொன்னால் அவர் நிற்பார். நெம்புவார், வெட்டப் பார்ப்பார், அரை மணி போகும். சுரேந்திரன் வெளியே தார்ப்பாயைப் பார்த்தான்.

"நீங்க போங்கண்ணே. கட்டை நழுவுது, நான் பாத்துட்டு கான் வழியா எறங்கி வாறேன்."

"ஏங்க" என்றாள் விஜயா. ஒரே ஒரு முறை.

"வாறேன், போ" என்றான்.

எஞ்சின் உறுமியது. டிரெய்லர் குலுங்கி, சேற்றில் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து போனது. சிவப்பு விளக்கு பனிக்குள் இளஞ்சிவப்பானது, பிறகு இல்லை. சத்தம் முதல் வளைவில் கேட்டது. இரண்டாவதில் கேட்டது. அதன்பின் மழை மட்டும்.

விரல் அடிவரை போய்விட்டது. அடுத்த விரல் மடங்கிக்கொண்டு ஓட்டையின் விளிம்பில் அழுந்தியது. இரும்பு விளிம்பு இல்லை. இளகியது. இடம் விட்டது. இரண்டாவது விரலும் போனது.

எச்சில் அவன் முழங்கைவரை வழிந்தது. சூடாக. புளிப்பாக.

உறிஞ்சல் நின்றது.

உள்ளே, அவன் நகக்கண்ணுக்குக் கீழே, அந்த மெத்தென்ற மேட்டைக் கிழித்துக்கொண்டு சின்னதாக, கூராக ஒன்று முளைத்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

சட்டத்தின் மறுமுனையில், இடது பின் இருந்த ஓட்டை மெல்லச் சுருங்கி, விரிந்து, வெளிறிய உதடுகளை வெளியே நீட்டி, காற்றில் தலை திருப்பித் திருப்பி எதையோ தேடியது.