கரைக்கு இருநூற்று நாற்பது நிமிடம்

சூரிய உதயத்தின் விலை நான்கு நிமிடம். அஸ்தமனம் ஆறு. அஸ்தமனத்துக்கு மட்டும் ஏன் இரண்டு கூடுதல் என்று அர்த்தனாரி கேட்டார். கேபின் சுவரிலிருந்த குரல் அதற்குப் பதில் சொல்லவில்லை. கேள்வி கேட்டதற்கு ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டது.

ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் நாற்பது வருஷம் மொத்த வியாபாரம் பார்த்தவர் அர்த்தனாரி. விலையை விசாரிப்பதற்கே விலை வாங்குகிற கடையை அவர் அதுவரை கண்டதில்லை. பற்றிக்கொண்டு வந்தது கோபம்தான். ஆனால் அதன் அடியில், இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று ஒரு சின்னப் பொறாமையும் இருந்தது.

‘ஆழிமாளிகை’ பதினான்கு தளங்கள் கொண்ட கப்பல். அர்த்தனாரிக்கும் அவர் மனைவி தெய்வானைக்கும் கேபின் மூன்றாம் தளத்தில். சன்னல் இருந்தது, அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மின்திரையும் இருந்தது. விரல் பட்டால் திரை விலகும், கணக்கு ஏறும். முதல் நாள் காலையில் எழுந்ததும் எந்த வீட்டிலும் செய்வதுபோலத் தெய்வானை திரையைத் தொட்டாள். இரண்டாம் நாள் அது கட்டணம் என்று தெரியாமலே தொட்டாள். மூன்றாம் நாள் தெரிந்திருந்தும் பழக்கதோஷத்தில் கை போய்விட்டது. நான்காம் நாள் தலையணை உறையை எடுத்து அர்த்தனாரியே சன்னலை மறைத்துக் கட்டிவிட்டார். அவர் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. மேல்தளத்தில் காலாற நடக்கப் போனவர் மேற்கே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கண் போகும் திசையை அளக்கும் பார்வையளவி அதைக் குறித்துக்கொண்டது. ஆறு.

இந்த நிமிடங்கள் கடிகார நிமிடங்கள் அல்ல, கரைநேரம். கடல் ஏறி ஊர்களைத் தின்ற பிறகு, மிஞ்சிய தீவுகளெல்லாம் தலைக்கணக்குச் சட்டம் போட்டுவிட்டன. ஒரு கப்பல் வந்தால் அதிலிருப்பவர்கள் மொத்தமாக இத்தனை நிமிடம்தான் தரையில் கால் வைக்கலாம் என்று அளவு. அதைக் கப்பல் கம்பெனி பயணிகளுக்குப் பங்கு வைக்கும். மூன்றாம் தளத்துக்குத் தலைக்கு நூற்றிருபது நிமிடம். இருவருக்கும் சேர்த்து இருநூற்று நாற்பது.

டிக்கெட்டின் விலை ஒரு நல்ல பட்டு வேட்டியின் விலைகூட வராது. அதை வாங்கிய அன்று, கம்பெனிக்காரனுக்கு வியாபாரம் தெரியவில்லை என்று அர்த்தனாரி வீட்டில் வாய்விட்டுச் சிரித்தார். ஏறிய பிறகுதான் விஷயம் புரிந்தது. கீழ்த்தளங்களில் பணம் செல்லாது. எது வாங்கினாலும் கரைநேரத்தில்தான் கழியும். கீழ்த்தளங்களில் கழிகிற நிமிடங்கள் மேல்தளத்துக்கு நல்ல விலைக்குப் போகும். பதினான்காம் தளத்துக்காரர்கள் தீவில் நாள் முழுக்கக் குடை பிடித்து உலாவுவது அப்படித்தான்.

அர்த்தனாரியும் தெய்வானையும் உலாவப் போகவில்லை. முத்தரைத்தீவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பொறியாளராக இருக்கிறாள் அவர்களுடைய ஒரே மகள் நறுமுகை. பத்து வருஷ ஒப்பந்தம். நடுவில் தீவை விட்டு வெளியேற முடியாது. ஆறு வருஷம் முடிந்திருந்தது. எட்டு மாதத்துக்கு முன் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, அமிழ்தினி. திரையில் தினமும் பார்க்கிறார்கள்தான். திரையில் பார்த்த குழந்தைக்குக் கனம் கிடையாது என்று சொல்லிச் சொல்லித்தான் தெய்வானை இந்தப் பயணத்துக்கே அவரைக் கிளப்பினாள். குழந்தையை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்துவிட வேண்டும். அதற்குத்தான் இருநூற்று நாற்பது நிமிடம்.

இரண்டாம் நாள் மாலை முதலாவது ‘முறை விருந்து’. ஆறு நாள் பயணத்தில் இப்படி மூன்று மாலைகள். அன்று கீழ்த்தளச் சாப்பாட்டுக்கூடம் பூட்டியிருக்கும்; எல்லோரும் பெரிய மண்டபத்துக்குத்தான் போக வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கையும் எள்ளுருண்டையையும் ஏறும்போதே பூச்சித்தடுப்பு விதி என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்கள். வராதவருக்குத் தலைக்கு இருபது நிமிடம் அபராதம். முறையான உடையில் வர வேண்டும் என்பது அழைப்பில் இருந்த கடைசி வரி.

உடை என்றதும் அர்த்தனாரிக்கு மீசை துடித்தது. மற்றதில் ஏமாற்றலாம், துணியில் அவரை ஏமாற்ற ஆள் பிறக்க வேண்டும். கடையிலேயே உசத்தியான பட்டு வேட்டியும் சட்டையும் அவருக்கு, மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட பட்டு தெய்வானைக்கு என்று தனிப்பெட்டியே கொண்டுவந்திருந்தார். இருவரும் கல்யாண வீட்டுக்காரர்கள்போல மண்டப வாசலில் போய் நின்றார்கள். உடையறி வாசல் அவர்களை மேலும் கீழும் ஒளி பாய்ச்சிப் பார்த்தது. பிறகு, வரிசையில் நின்ற இருநூறு பேருக்கும் கேட்கும்படி, இனிமையான குரலில் அறிவித்தது.

“ஆடை காணப்படவில்லை. இரண்டு நபர்கள்.”

தெய்வானை சட்டென்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

வாசலுக்குத் தெரிந்ததெல்லாம் உணரிழை மட்டும்தான். நூலுக்குள் சென்சார் ஓடும் துணி அது. அந்தந்த மாலைக்கான நிறத்தைத் தானே எடுத்துக்கொள்ளும், போட்டிருப்பவர் யார் என்றும் சொல்லும். வெறும் பட்டு அதன் கண்ணுக்கு வெறும் உடம்பு. கையால் தொட்டுப் பார், இது அசல் பட்டு, இதன் ஜரிகையை உரசிப் பார் என்று அர்த்தனாரி அந்த வாசலோடு கால் மணி நேரம் வாதாடினார். உடையின்மைக்குத் தலைக்குப் பத்து என்று இருபது நிமிடமும், வாதத்துக்குத் தனியாகவும் போயிற்று.

வேறு வழியில்லாமல் பக்கத்திலிருந்த உடைக்கூடத்துக்குப் போனார்கள். அங்கே வாடகைக் கவுண்டரில் ஜெபராஜ் என்ற தூத்துக்குடிக்காரர் இருந்தார். நாற்பது வயதிருக்கும், களைத்த முகம். உணரிழை உடை ஒரு மாலைக்குத் தலைக்குப் பதினாறு என்றார். வராமலிருந்தால் இருபது, வாடகைக்கு எடுத்தால் பதினாறு. நாலு லாபம் என்று மனசு கணக்குப் போட்டது. போட்ட கையோடு அர்த்தனாரிக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஆடித் தள்ளுபடியில் அவர் செய்கிற அதே வேலை. முதலில் ஒரு பெரிய விலையை எழுதி அதை அடிப்பது. அவருடைய மருந்தை அவருக்கே புகட்டுகிறார்கள்.

அன்று பேரம் ஆரம்பித்தது. பதினாறைப் பன்னிரண்டாக்கச் சொன்னார். இரண்டு உடைக்கு ஒன்றரை வாடகை என்றார். துவைத்துத் தருகிறேன் என்றார். அவர் ஒவ்வொரு முறை வாயைத் திறந்தபோதும் கவுண்டரின் மேலிருந்த விளக்கு மினுக்கியது. கவுண்டர்களில் பேசுகிற பேச்செல்லாம் சேவைநேரம். கடைசியில் வாடகை பதினாறாகவே நின்றது, பேச்சுக்கு ஒன்பது. அத்தோடாவது விட்டாரா? தண்ணீர்ப் புட்டிக்கு வாதம், போர்வைக்கு வாதம், வாதத்துக்குப் போட்ட கட்டணம் சரியா என்று அதற்கொரு வாதம்.

தெய்வானை நான்கு நாள் பொறுத்தாள். கடையில் கல்லாப்பெட்டி எப்போதும் அவள் பொறுப்பு. கணக்கு அவள் கண்ணுக்குத் தப்பாது. நான்காம் நாள் இரண்டாவது விருந்து முடிந்து கேபினுக்குள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்.

“ஏனுங்க, உங்க கால்ல வேணும்னாலும் உழுகறேன், இனி வாயத் தொறக்காதீங்க. நீங்க ஒவ்வொருக்கா பேசும்போதும் என்ற பேத்தி மடியில இருந்து எறங்கிப் போறா.”

“அநியாயத்தக் கேக்காம எப்புடிப் புள்ள இருக்கறது?”

“கேட்டு என்னத்தக் கொறைச்சீங்க? ஒத்த நிமிஷம் கொறைச்சிருந்தாச் சொல்லுங்க பாக்கலாம்.”

 அவருக்கு ஒரு யோசனை வந்தது. பேசினால்தானே காசு, பேசாமல் பேரம் பேச முடியாதா? சந்தையில் துண்டைப் போட்டு அதற்குள் கைபிடித்து விலை முடிப்பது அவருடைய அப்பா காலத்திலிருந்து வருகிற வழக்கம். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு விலை, இரண்டை மடக்கினால் வேறு விலை. பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. சுவரிலிருக்கும் செவிக்கு எங்கே தெரியப்போகிறது?

ஐந்தாம் நாள் கடைசி விருந்து. உடைக்கூடத்தில் வாடகைக் கோட்டை மாட்டிப் பொத்தான் போட்டுக்கொண்டே அர்த்தனாரி தம் துண்டை எடுத்து ஜெபராஜின் கைமேல் போட்டார். ஜெபராஜ் முதலில் திகைத்தார். அவர் தாத்தா மாட்டுத்தரகர் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த கணம் அவர் விரல்களும் பேச ஆரம்பித்தன. பதினாறு, எட்டு, பதினான்கு, ஒன்பது. மேலே விளக்கு மினுக்கவில்லை. ஐந்து நாளில் முதல்முறையாக அர்த்தனாரியின் முகத்தில் களை வந்தது. தலைக்குப் பத்து என்று விலை முடிந்தது.

கோட்டின் கைப்பகுதி சிவப்பானது. போட்டிருந்தது உணரிழை. ஒவ்வொரு விரல் அழுத்தமும் நூல்வழியே போய்ப் பதிவாகியிருந்தது. அனுமதியற்ற தள்ளுபடி ரத்து என்றது கோட்டுக் காலர், அவர் காதுக்குப் பக்கத்திலேயே. விரற்பேச்சுக் கட்டணம் இருபத்திரண்டு.

“எனக்கும் ஒம்பது போச்சு அண்ணாச்சி,” என்றார் ஜெபராஜ், துண்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தபடி. உனக்கெதற்குக் கரைநேரம் என்று கேட்க அர்த்தனாரிக்கு நாக்கு நுனிவரை வந்தது. தெய்வானையின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார்.

ஆறாம் நாள் காலை கப்பல் முத்தரைத்தீவில் நின்றது. இறங்கு வாசலில் மீதி தெரிந்தது: இருபத்து மூன்று நிமிடம். இருவரும் இறங்கினால் ஆளுக்குப் பதினொன்றரை. ஒருவர் மட்டும் இறங்கினால் முழுதும் அவருக்கு.

தெய்வானை அன்று தன் மாம்பழப் பட்டையே கட்டியிருந்தாள். தீவில் உடையறி வாசல் கிடையாது. மீதியை ஒருமுறை பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். 

“நீ போ,” என்றார். “நேரமாச்சுன்னா நான் இங்கிருந்தே கூப்புடறேன்.”

குடும்பக் கணக்கு அவர் பேரில் இருந்ததால் திரும்ப அழைக்கும் பொத்தானும் அவர் கையில்தான். முப்பதடி தள்ளிக் கண்ணாடிக் கொட்டகை ஒன்று. அதற்குள் நறுமுகை நின்றிருந்தாள், கொஞ்சம் இளைத்து, தலைமுடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு. குழந்தை தெய்வானையின் கைக்கு மாறியது. முதலில் உதட்டைப் பிதுக்கியது. பிறகு அவளுடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்தது. நறுமுகை கண்ணாடிச் சுவரோரம் வந்து அப்பாவைப் பார்த்துக் கையசைத்தாள். அவரும் அசைத்தார். நீயும் வா என்பதுபோல ஏதோ சைகை காட்டினாள். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

இறங்கு வாசலில் அன்று காவல் முறை ஜெபராஜுக்கு. பதினெட்டாம் நிமிடம் மஞ்சள் விளக்கு வந்தது. இருபத்து மூன்றில் சிவப்பு.

“அண்ணாச்சி, அக்காவக் கூப்பிடுங்க. முடிஞ்சிட்டு.”

அர்த்தனாரி பொத்தானைப் பார்த்தார், தொடவில்லை. கூப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார்.

“கடன்ல ஏறும். கடனக் கழிக்காம கப்பல விட்டு எறங்க முடியாது. கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்க வேல செஞ்சு கழிக்கணும்.” ஜெபராஜ் குரலைத் தணித்தார். “இங்க வேல பாக்குறதுல பாதிப்பேரு டிக்கெட்டு எடுத்து வந்தவங்கதான். நானும் அப்படித்தான் ஏறினேன். என் தம்பியப் பாக்க.”

“ஒரு நிமிஷத்துக்கு எத்தன நாள் வேலை?”

“ஒரு நாளு.”

அர்த்தனாரியின் வாய் தன்னால் திறந்தது. ஒரு நாளுக்கு ஒரு நிமிடம் அநியாயம், இரண்டாகப் போடு, நாற்பது வருஷத் துணி அனுபவத்துக்கு மூன்றுகூடக் கேட்கலாம். எல்லாம் வரிசையாக வந்து நாக்கில் நின்றன. கொட்டகைக்குள் குழந்தை எதற்கோ சிரித்தது. சத்தம் இங்கே கேட்கவில்லை, ஈறு தெரிந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

“எழுதிக்குங்க,” என்றார்.

தெய்வானை தானாகவே திரும்பி வந்தபோது குழந்தை தூங்கியிருந்தது. அவளுடைய தோளில் எச்சில் ஈரம். வாசலுக்குள் கால் வைத்ததும் கேட்டாள்.

“கூப்புடறேன்னீங்களே, கூப்புடவே இல்லீங்களே?”

“நேரம் இருந்துச்சு.”

“ஆமாங்க,” என்றாள். அவள் முகம் தெளிந்திருந்தது. “இருவத்தி மூணு நிமிஷம்னா என்னமோன்னு நெனச்சேன். நெறைய நேரந்தானுங்க அது.”

அவளை முன்னால் போகச் சொல்லிவிட்டு அவர் இறங்கு வாசல் திரையின் பக்கம் திரும்பினார். ஆட்சேபணை தெரிவிக்க இரண்டு நிமிடம் என்று ஓரத்தில் ஒரு பெட்டி மின்னியது. அதைத் தொடாமல் கணக்கின் கீழே ஒப்புதலாக விரல் வைத்தார்.

வரவு, இரண்டு தலைக்கு: 240
உதயம், மூன்று: 12
அஸ்தமனம், ஒன்று: 6
உடையின்மை, இருவர்: 20
உடை வாடகை, மூன்று மாலை: 96
கேள்வி, வாதம், பேரம்: 61
விரற்பேச்சு: 22
கரை, ஒருவர்: 57
பாக்கி: 34