எல்லாப் போனிலும் ஒரே பாட்டு

வாண்டுவின் அம்மா போன் பழுது பார்ப்பவர். தையல் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே அவருடைய கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வெயிலில்தான் நிற்க வேண்டும். திரை உடைந்த போன், தண்ணீரில் விழுந்த போன், குழந்தை கடித்த போன் என்று எல்லாம் அங்கே வரும். அம்மா பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிர மாட்டார்.

வாண்டு என்றதும் ஏதோ கைக்குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண். தொட்டிலில் கிடந்தபோது கூப்பிட்ட பெயர், அவள் வளர்ந்த பிறகும் போக மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டுவிட்டது.

கடையில் அவளுக்கும் ஒரு வேலை உண்டு. பள்ளி விட்டு வந்ததும், அம்மா சரிசெய்து வைத்த ஒவ்வொரு போனிலும் இணையத்தைத் திறந்து ஒரு பாட்டை முழுதாக ஓடவிடுவாள். பாட்டு தெளிவாகக் கேட்டால் ஸ்பீக்கர் சரி. திக்காமல் திணறாமல் ஓடினால் இணையம் சரி. அதன் பிறகுதான் போன் உரியவர் கைக்குப் போகும்.

முதலில் ஊரெல்லாம் ஒலிக்கிற ஒரு டமடமப் பாட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் திருப்புளியைக் கீழே வைத்தார்.

“இதை இன்னொரு தடவை போட்டேன்னா, சாவிய உன் கையில குடுத்துட்டு நான் எங்கயாவது போயிடுவேன்.”

கடையை நடத்துகிற வயது தனக்கு இன்னும் வரவில்லை என்பது வாண்டுவுக்குத் தெரியும். அதனால் வேறு பாட்டுத் தேடினாள். பலர் கேட்ட பாட்டு என்றால் அம்மாவுக்கும் அலுத்திருக்கும் அல்லவா? யாருமே கேட்காத பாட்டாகப் பார்த்துத் தோண்டினாள். அப்படிக் கிடைத்தவர்தான் அந்தப் பாடகி அக்கா.

படத்தில் முகம்கூட இல்லை. ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, நாற்காலியில் சாய்த்து வைத்த கிடார். அவ்வளவுதான். பாட்டோ, பேருந்தில் யாரோ மறந்துவிட்டுப் போன குடையைப் பற்றியது.

“எனக்கு வேண்டிய மழை ஜன்னலுக்கு அப்பால்,
என்னை வேண்டிய கை எந்த நிறுத்தத்தில்?”

அந்த இடம் வந்ததும் வாண்டுவுக்குக் கண் கலங்கியது. ஒரு குடைக்காகப் போய் அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது. அதனால் மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டாள்.

அன்று முதல் எந்தப் போன் வந்தாலும் அந்தப் பாட்டுத்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் இருப்பது பெரிய பாராட்டு.

வகுப்பில் பக்கத்தில் உட்காரும் கண்ணாடிக்கு ஒருமுறை போட்டுக் காட்டினாள். கண்ணாடி என்பது அவன் மூக்கின் மேல் இருப்பதால் வந்த பெயர். அவன் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆட்டம் போடுகிற இடம் எப்போது வரும் என்று கேட்டான். வாண்டுவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டைப் பற்றி யாரிடமும் அவள் வாயைத் திறக்கவில்லை.

மாதங்கள் போயின. ஒருநாள் பாட்டுக்குக் கீழே அக்கா ஏதோ எழுதியிருந்தார். வாண்டு ஆவலாகப் படித்தாள்.

காலையில் ரொட்டிக் கடையில் வேலை பார்ப்பதாகவும், மீதி நேரத்தில் பாடுவதாகவும் அக்கா எழுதியிருந்தார். யாருமே கேட்பதில்லை, விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தாராம். அப்போதுதான், எந்த ஊரில் எத்தனை போன்களில் பாட்டு ஓடியது என்று பார்த்திருக்கிறார். இந்த ஒரே ஊரில் மட்டும் நாளுக்கு நாள் புதுப்புதுப் போன்களில் கேட்கிறார்கள். ‘யார் நீங்க எல்லாரும்? உங்களை நேர்ல பார்க்கணும் போல இருக்கு. வர்ற சனிக்கிழமை சாயங்காலம் உங்க ஊர்ப் பூங்கா மேடையில வந்து பாடறேன். எல்லாரும் வாங்க.’

வாண்டுவுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்குள் ஒரு குதி குதித்தாள். குதித்து இறங்கும்போதே அவளுக்கு ஒரு கேள்வி எழுந்தது.

அவ்வளவு போன்களும் எந்தப் போன்கள்?

எல்லாம் இந்த மேசை மேல் கிடந்த போன்கள். அவ்வளவு பேரும் யார்? இவள் ஒருத்திதான்.

விஷயத்தைக் கேட்டதும் அம்மா பூதக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, தெரிந்தா செய்தாய், விடு என்றார். ஆனால் அவர் முகமும் சுண்டித்தான் போயிருந்தது. கிடாரைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஊர் விட்டு ஊர் வந்து, வெறும் மேடைக்கு முன்னால் நிற்கப்போகிறார். அதோடு அவர் பாடுவதையே நிறுத்திவிட்டால்?

வகுப்பில் கண்ணாடியிடமும் சொன்னாள். பேசாமல் இருந்துவிடலாம், அவருக்கு எப்படித் தெரியும் என்றான் அவன். வாண்டுவுக்கு மனசு கேட்கவில்லை. அம்மாவின் போனை வாங்கி எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

‘அக்கா, அவ்வளவு பேரும் நான்தான். எங்க அம்மா போன் ரிப்பேர் பண்றாங்க. சரியான ஒவ்வொரு போன்லயும் உங்க பாட்டைப் போட்டுப் பார்ப்பேன். உங்களை ஏமாத்தணும்னு செய்யல. ஆனா ஒவ்வொரு தடவையும் நிஜமாவே கேட்டேன். நிறுத்திடாதீங்க அக்கா. இப்படிக்கு, வாண்டு.’

அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

போனைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன நேரத்தில்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. பாட்டு ஓடியதெல்லாம் அவர்களுடைய போன்களில். ஆனால் போனுக்குச் சொந்தக்காரர்கள் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. அவர்கள் வருவதற்கு முன்பே சோதனை முடிந்துவிடுகிறதே.

“அம்மா, இனிமே போனை வாங்க வர்றவங்க கையிலயே குடுத்துப் பாட்டைப் போடட்டுமா? அவங்களே கேட்டுப் பார்த்துக்கட்டும்.”

“போடு,” என்றார் அம்மா. “ஆனா யாரையும் பிடிச்சு வச்சுக்காத.”

முதலில் வந்தவர் பாட்டெல்லாம் வேண்டாம், போனைக் கொடுத்தால் போதும் என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார். அடுத்து வந்த பெண் பாட்டு ஓடும்போதே தலை வாரினார். வாண்டு மனம் தளரவில்லை. யாரையும் கெஞ்சவும் இல்லை.

பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்தார். வாசலில் நின்றபடியே கேட்டவர், மெல்ல உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னார்.

“எங்க பஸ்லயும்தான் குடை கிடக்கும். எடுத்து ஒரு மூலையில போடுவேன். அது என்ன நினைக்கும்னு ஒருநாளும் நான் நினைச்சதில்ல,” என்றார்.

பக்கத்துத் தையல்கார அத்தைக்குப் போன் கெட்டுப்போகவே இல்லை. பாட்டுச் சத்தம் கேட்டு அவராகவே வந்து நின்றார். தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் இந்தப் பாட்டு அவருக்குக் கேட்குமாம். ஆனால் தையல் எந்திரம் ஓடுகிற சத்தத்தில் பாதி வரி காதில் விழாதாம். மீதிப் பாதியை அவராகவே இட்டுக்கட்டிப் பாடிக்கொண்டிருந்தாராம். இப்போது முழுதாகக் கேட்டவர், இட்டுக்கட்டியதும் ஒன்றும் மோசமில்லை என்று தானே சொல்லிக்கொண்டார்.

கேட்டு முடித்தவர்களிடம் மட்டும் வாண்டு சனிக்கிழமையைப் பற்றிச் சொன்னாள். சிலர் பார்க்கலாம் என்றார்கள். பெரியவர்கள் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சனிக்கிழமை வந்தது. பூங்கா மேடைக்கு முன்னால் ஈ காக்கை இல்லை. வாண்டு, அம்மா, கண்ணாடி மூன்று பேர்தான். வாண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்தாள். வந்துவிட வேண்டுமே என்று அடுத்த நிமிடம் தவித்தாள்.

கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு ஓர் அக்கா வந்தார். காலியாகக் கிடந்த பெஞ்சுகளைப் பார்த்தார். பிறகு நேராக இவர்களிடம் வந்தார்.

“இதுல வாண்டு யாரு?”

வாண்டு ஓரடி முன்னால் வந்தாள். நான் எழுதியதை நீங்கள் படிக்கவில்லையா என்று ஒருவழியாகக் கேட்டாள்.

“அன்னிக்கே படிச்சிட்டேன். என்ன பதில் எழுதறதுன்னுதான் தெரியல,” என்றார் அக்கா. அவர் குனிந்து வாண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டார். “என் பாட்டை ஒரே ஆளு இத்தனை தடவை கேட்டிருக்காங்கன்னு தெரிஞ்ச பிறகு, வராம எப்படி இருப்பேன்?”

வாண்டுவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இந்த முறை மூக்கை உறிஞ்சி மறைக்கவில்லை.

அக்கா மேடையில் ஏறவில்லை. கீழே படியிலேயே உட்கார்ந்து கிடார்க் கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்க்கத் தொடங்கினார். அதற்குள் ஓட்டுநர் தன் மனைவியோடு வந்து சேர்ந்தார். தையல்கார அத்தை கடையைப் பாதியில் மூடிவிட்டு, கழுத்தில் அளவு நாடா தொங்க ஓட்டமும் நடையுமாக வந்தார். அன்று கடையில் தலை வாரிக்கொண்டிருந்த பெண்கூட வந்தார். இன்னும் சிலர் வந்தார்கள். கூட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு பெஞ்சு நிறைந்து, அடுத்த பெஞ்சிலும் ஆள் உட்கார்ந்தது.

அக்கா குடைப் பாட்டைத்தான் முதலில் எடுத்தார். வாண்டு உதட்டை அசைத்துக் கூடவே பாடினாள். ஓட்டுநர் ராகம் தப்பினாலும் வரி தப்பவில்லை. தையல்கார அத்தை பாதி வரியை அக்காவுடையதாகவும் பாதி வரியைத் தன்னுடையதாகவும் பாடினார். கண்ணாடி தொடையில் தாளம் போட்டான். பின்னாலிருந்து யாரோ ஒரு சொல் விடாமல் பாடுவது கேட்டு வாண்டு திரும்பிப் பார்த்தாள். அம்மா.

அக்காவின் விரல்கள் மட்டும் கிடாரில் ஓடிக்கொண்டிருந்தன. அவர் பாடுவதை நிறுத்திவிட்டு, கண்ணை மூடி, தன் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.